கீழ் எண் நன்றாக இருக்கிறது என்றார்கள்

2021-இல் நான் இசை ஆசிரியையாக வேலை பார்த்த பள்ளியில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. பிரஷர் பார்த்து, 168/72 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனேன். "வயதோடு நூறைக் கூட்டிப் பாருங்கள் அம்மா. உங்களுக்கு ஐம்பத்தெட்டு. மேல் எண் கொஞ்சம்தான் கூடுதல். கீழ் எண் எழுபத்திரண்டு, நன்றாக இருக்கிறது. அதுதான் முக்கியம். ஊறுகாயைக் குறையுங்கள், போதும்" என்றார். நிம்மதியாக வீடு திரும்பினேன். அதன் பிறகு இரண்டரை ஆண்டுகள் வீணாயின. அறுபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. கணவர் இறந்த பிறகு கும்பகோணத்தில் தனியாக இருக்கிறேன். மகள் பெங்களூரில். அவளிடம் எதையும் சொல்லாமல் நானே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அன்று யாராவது உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

2023 ஆடியில் கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு பச்சை அங்கியோடு உட்கார்ந்திருந்தேன். செவிலியர் பிரஷர் பார்த்தார். 184/68. அரை மணி கழித்து மறுபடி பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவு. "இப்போது செய்ய முடியாது அம்மா, குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கீழ் எண் அறுபத்தெட்டுதானே என்று நான் வாதாடினேன். இரண்டு ஆண்டுகளாக அந்த எண்ணை நம்பித்தானே இருந்தேன்.

வேறொரு டாக்டர் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் இரண்டு கணுக்காலும் வீங்கின. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. சிறுநீரகமா, இதயமா என்று பயந்துபோய் எக்கோ, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனைகள், காலுக்கு டாப்ளர் ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். 7,400 ரூபாய் ஆயிற்று. எல்லாம் சரியாக இருந்தன. அம்லோடிபின் சாப்பிடுகிற சிலருக்குக் கணுக்கால் வீங்கும் என்பது மருத்துவ உலகத்துக்கு மிகப் பழைய செய்தி. அது சிறுநீரகக் கோளாறும் அல்ல, இதயக் கோளாறும் அல்ல. அளவைக் குறைத்தோ, கூட வேறு வகை மாத்திரையைச் சேர்த்தோ சரிசெய்துவிடலாம். இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் எழுதிக் கொடுத்தவரிடம் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. பேசாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் உடம்பில் எது புதிதாக வந்தாலும், அந்த மாத்திரையாக இருக்குமோ என்று முதலில் அதை எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். ஸ்கேன் அதற்குப் பிறகு. எந்த நிலையிலும் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எனக்கு வந்த வினை அங்கேதான் தொடங்கியது.

மாத்திரையை விட்டிருந்த அந்த மாதங்களில் ஒரு துண்டறிக்கை கைக்கு வந்தது. ரத்தக் குழாய்கள் எந்த அளவுக்கு விறைத்திருக்கின்றன என்று கண்டறியும் பரிசோதனை, 3,500 ரூபாய். போனேன். கைகால்களில் பட்டைகளைச் சுற்றிப் பத்து நிமிடத்தில் வண்ணத்தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். "உங்கள் ரத்தக் குழாயின் வயது 79" என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. எனக்கு அப்போது அறுபது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். உடனே அடுத்த அறைக்கு அழைத்துப் போனார்கள். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, சொட்டு மருந்தாக ஏற்றினால் கரைந்து சிறுநீரில் போய்விடும், இருபது முறை ஏற்ற வேண்டும், முன்பணமாகக் கட்டினால் 44,000 என்றார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருப்பதைச் சொன்னேன். சுண்ணாம்பு கரைந்தால் பிரஷர் தானாக இறங்கிவிடும், அவசரம் இல்லை என்றார்கள். ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினேன். வாரம் இரண்டு நாள் ஆட்டோவில் போய் மூன்று மணி நேரம் படுத்திருப்பேன். ஆட்டோவுக்கு மட்டும் ஆறாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஆயிற்று.

அங்கே ஏற்றிய மருந்தின் பெயர் ஈடிடிஏ. ஈயம் போன்ற உலோக நச்சு உடம்பில் ஏறியவர்களுக்கு அதைப் பிடித்து வெளியேற்றப் பயன்படும் மருந்து. மாரடைப்பு வந்தவர்களுக்கு இது உதவுமா என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வே நடத்திப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முதல் ஆய்வில் சிறிதளவு பலன் இருப்பதாகத் தெரிந்தது. அதைச் சோதிப்பதற்காகச் சர்க்கரை நோயும் மாரடைப்பும் வந்த சுமார் ஆயிரம் பேரிடம் மறுபடி செய்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. பலன் இல்லை. இந்த இரண்டு ஆய்வுகளும் மாரடைப்பு வந்தவர்களைப் பற்றியவை. எனக்கு மாரடைப்பே வந்ததில்லை. பயத்தைக் காட்டும் அறைக்கு அடுத்த அறையிலேயே மருந்தையும் விற்கிறார்கள் என்றால், பணத்தை எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, அந்த இடத்தோடு தொடர்பே இல்லாத ஒரு டாக்டரிடம் தாளைக் காட்டுங்கள்.

பதிமூன்று முறை ஏற்றியாகியிருந்தது. மார்கழி பாதி கழிந்திருந்தது. விடியற்காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மாவு இழையாக இறங்காமல் குவியலாகக் கொட்டியது. விரல்கள் மூடவில்லை. கை என்னுடையதாகவே இல்லை. பால்காரர் "என்னம்மா?" என்றார். பதில் சொல்ல வாய் திறந்தேன். சொல் குழைந்து வந்தது. முப்பது வருடம் குழந்தைகளுக்கு ஸ்வரம் சொல்லிக் கொடுத்த வாய் அது. எனக்கே என் குரல் புரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்பிவிட்டது. கையை மடக்கி விரித்துப் பார்த்தேன், பேசிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பனியில் விறைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காபி போட்டுக் குடித்துப் படுத்துவிட்டேன். மறுநாள் மத்தியானம்தான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன்.

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போங்கள். சரியாகிவிட்ட அந்தச் சிறு வாதத்துக்குப் பிறகு, முழுப் பக்கவாதம் வரும் அபாயம் முதல் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். முழு வாதமே வந்தாலும், தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் தகுதியுள்ளவர்களுக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். எந்த நேரத்தில் தொடங்கியது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள். அந்த இரண்டு நாட்களில் ஒன்றை நான் போர்வைக்குள் கழித்தேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு நடுங்குகிறது.

மருத்துவமனையில் தலைக்கு ஸ்கேன், கழுத்துக் குழாய்க்கு ஸ்கேன், இதயத் துடிப்புப் பதிவு எல்லாம் காசில்லாமல் எடுத்தார்கள். பிரஷர் 206/70. என்னைப் பார்த்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் பாட்டு டீச்சர் என்று தெரிந்ததும், "சுருதிப் பெட்டி வைத்திருக்கிறீர்களா டீச்சர்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "கை விட்டு விட்டுத்தானே துருத்தியை அழுத்துகிறது, சுருதி ஏன் விட்டு விட்டு வருவதில்லை?" என்றார். காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் துருத்தி உள்ளே இருக்கிறது, அது உப்பி, பிறகு மெல்ல விடுகிறது என்றேன். "இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் அந்த வேலையைத்தான் செய்கிறது. இதயம் சுருங்கும்போது உப்பி ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. துருத்தித் தோல் காய்ந்து பலகை மாதிரி ஆகிவிட்டால் என்ன ஆகும்?" அழுத்தும்போது அலறும், இடையில் அடங்கிப்போகும் என்றேன். "அதுதான் உங்கள் 206/70. அலறல் மேல் எண். அடங்கல் கீழ் எண். கீழ் எண் குறைவாக இருப்பதை நல்ல செய்தி என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு அது குழாய் விறைத்துவிட்டதன் அடையாளம்" என்றார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டரை வருடமாக நான் தேடியது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

அதன் பிறகு அவரிடமும், மகள் மூலமாகப் படித்தும் தெரிந்துகொண்டேன். நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம், அறுபது வருடத்தில் இருநூறு கோடிக்கு மேல். அத்தனை முறை நீண்டு சுருங்கும் அந்தச் சுவருக்குள் எலாஸ்டின் என்ற மீள்சக்தி உள்ள இழைகள் இருக்கின்றன. சிறு வயதில் உருவானவைதான், பிறகு உடம்பு புதிதாகச் செய்துகொள்வது மிகமிகக் குறைவு. அவை நைந்து அறுபட அறுபட, கொலாஜன் என்ற விறைப்பான இழை அந்த இடத்தைப் பிடிக்கிறது. சுண்ணாம்பும் சுவரின் நடு அடுக்கிலேயே சேர்கிறது. அதாவது அடைப்பு வேறு, விறைப்பு வேறு. அடைப்பு குழாயின் உள்வழியைக் குறுக்குகிறது. விறைப்பு சுவரின் குணத்தையே மாற்றுகிறது. இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம், ஆனால் ஒன்றல்ல. "கரைத்து வெளியேற்றுகிறோம்" என்று சொன்னவர்கள் இந்த வேறுபாட்டை எனக்குச் சொல்லவில்லை. உயர் அழுத்தம் சுவரை நையச் செய்கிறது, நைந்து விறைத்த சுவர் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. இந்தச் சுழலை அறுக்க இன்று கையில் இருக்கும் வழி அழுத்தத்தைக் குறைப்பதுதான்.

என்னைக் கோபப்படுத்தியது இது. அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1948 முதல் ஊர்மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். ஐம்பது, அறுபது வயது வரை இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறுவதையும், அதன் பிறகு மேல் எண் ஏற ஏறக் கீழ் எண் இறங்குவதையும் அந்தக் கணக்கு காட்டியது. காரணம் பெரிய குழாய்கள் விறைப்பது என்று 1997-இல் எழுதினார்கள். அதற்கும் முன்பே, 1991-இல், அறுபது வயதைத் தாண்டி, மேல் எண் 160-க்குக் குறையாமலும் கீழ் எண் 90-க்குக் கீழேயும் இருந்த 4,736 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. அச்சு அசலாக என்னைப் போன்றவர்கள். குளோர்தாலிடோன் என்ற விலை மலிவான பழைய மாத்திரையில் தொடங்கினார்கள். பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் சிகிச்சையால் பலன் உண்டு என்று 2008-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, 2021-இல் என்னிடம் "வயதோடு நூறைக் கூட்டுங்கள்" என்றார்கள். முப்பது வருடம் கழித்து! அந்தக் கணக்கை உங்களிடம் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். வயதானால் பிரஷர் ஏறுவது பரவலாக நடக்கிறது என்பது உண்மை. அதனால் அது தீங்கற்றது ஆகிவிடாது.

அந்த வண்ணத்தாளைப் பற்றியும் கேட்டேன். நாடி அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை வைத்து விறைப்பை அளப்பது நல்ல விஞ்ஞானம்தான். குழாய் விறைக்க விறைக்க அலை வேகம் கூடும். 1922-இலேயே இங்கிலாந்தில் பிராம்வெல், ஹில் என்ற இருவர் இதைச் சூத்திரமாக்கினார்கள். ஆய்வுகளில் கழுத்திலும் தொடையிடுக்கிலும் நாடியைப் பிடித்து அளக்கிறார்கள். நொடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டினால் விறைப்பு மிகுதி என்கிறார்கள். ஆனால் அளக்கும் நேரத்தில் பிரஷர் ஏறியிருந்தால் அலையும் வேகமாக ஓடும். நான் மாத்திரையை விட்டிருந்த நாட்களில் அளந்த அளவு அது. "79 வயது என்று அச்சடித்ததை மறந்துவிடுங்கள் டீச்சர். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்துப் பாருங்கள். சாதாரணமாக நாற்பது அளவில் இருக்கும். உங்கள் வயதில் அறுபதும் அதற்கு மேலும் என்றால் குழாய் விறைத்திருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. அதற்கு 3,500 ரூபாய் தேவையில்லை" என்றார். 2021-இல் எனக்கு 96. துண்டுச் சீட்டிலேயே எல்லாம் இருந்திருக்கிறது.

மூன்று மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். டெல்மிசார்டனைச் சேர்த்து அம்லோடிபின் அளவைக் குறைத்ததும் கால் வீக்கம் வரவில்லை. மூன்றாவதுதான் குளோர்தாலிடோன். அது உடம்பிலுள்ள சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறக்கிவிடலாம் என்பதால் சில வாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். எனக்குப் பொட்டாசியம் கொஞ்சம் இறங்கிக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. அளவைப் பாதியாக்கினார்கள். தலைக்குப் போகும் ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும், கொழுப்புக்கு ஒரு மாத்திரையும் உண்டு. என் மாத்திரைகளைப் பார்த்து நீங்கள் வாங்க வேண்டாம், அவை எனக்கென்று அளந்தவை. அழுத்தத்தை ஒரேயடியாக இறக்காமல் மெதுவாக இறக்கினார்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பிரஷர் பார்த்தார்கள். விறைத்த குழாய்க்காரர்களுக்குப் படுக்கையிலிருந்து எழுந்ததும் சட்டென்று இறங்கித் தலை சுற்றி விழ வாய்ப்பு அதிகமாம். உங்களுக்கு நின்ற நிலையில் பார்க்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். இரவில் எழுந்தால் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடங்கள்.

வீட்டில் அளக்க 1,400 ரூபாய்க்கு மணிக்கட்டில் கட்டும் கருவி ஒன்றை முன்பே வாங்கியிருந்தேன். மருத்துவமனையில் 176 காட்டிய அன்று அது 148 காட்டியது. மடியில் கை வைத்து ஒரு அளவு, தூக்கிப் பிடித்து ஒரு அளவு என்று மனம்போல் காட்டும். அதை நம்பியும் சில மாதம் போனது. மேல் கையில் பட்டை சுற்றும் கருவியாக வாங்குங்கள். பட்டை உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும். கையைத் தொங்கவிட்டாலும் மடியில் வைத்தாலும் கூடுதலாகக் காட்டும். மேசை மேல், நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். முதல் முறை இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையையே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய ஏழு நாள் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுத்துப் போகிறேன். வீட்டு அளவுக்கு 135/85 என்பதைத் தாண்டினால் அதிகம் என்று கணக்கு. தினம் பத்து முறை அளந்து பயப்பட்ட நாட்களும் உண்டு. அது வேண்டாம், பயமே எண்ணை ஏற்றிவிடுகிறது.

மூட்டுவலிக்கு நானே கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை. அந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். உப்பு விஷயத்தில் உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி அளவு. நான் குழம்பில் குறைத்துக்கொண்டு, அப்பளத்திலும் மோர் மிளகாயிலும் வடகத்திலும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பால் பக்கவாதம் குறைந்ததாகச் சீனக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஆசையாக வாங்கினேன். டெல்மிசார்டன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் தொடக்கூடாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சொட்டு மருந்து ஏற்றிய இடத்தில் மீதி ஏழு முறைக்கான பணத்தைக் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தில் திருப்பித் தர இயலாது என்று பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். அது போனது போனதுதான். இப்போது மாதத்துக்கு மாத்திரை அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது, செலவு பஸ் டிக்கெட் மட்டும். வர இயலாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தத் திட்டம் தொடங்கியது 2021-இல், நான் துண்டுச் சீட்டோடு நின்ற அதே வருடத்தில். கண்புரை அறுவை 2024 ஆனியில் முடிந்தது. மகாமகக் குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறேன். மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாள், பிறகு லீவு போட்டுவிட்டு வந்தாள். போன வாரச் சராசரி 136/70.

நேற்று எதிர்வீட்டுப் பெண்மணி வந்து, "அக்கா, எனக்கும் ஒரு தடவை பாருங்கள்" என்றார். மேசையில் கையை வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்தேன். 172/66. இரண்டாவது முறை 170/66. "கீழே நன்றாக இருக்கிறது, பயமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள் அக்கா" என்றார். சுருதிப் பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். திங்கட்கிழமை ஏழரை மணிக்குச் சீட்டு போடத் தொடங்குவார்கள். இருவரும் முதல் பஸ்ஸில் போகிறோம்.